கடைசிப் பந்தி

பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ என்று விரிவதிலிருந்து உதிர்வது வரை கட்டத்துக்கு ஒரு சொல் வைத்தவர்கள் நாம். பெண்ணையும் விட்டு வைக்கவில்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வயதும் குறித்தார்கள். வழக்கமாகச் சொல்லும் கணக்கின்படி பேரிளம்பெண் நாற்பது வயதோடு முடிந்து விடுகிறாள். அதற்கு மேல் புலவருக்கு அவளிடம் வேலை இல்லை. நாற்பத்தோராவது பிறந்த நாளுக்கு மறுநாள் அவள் எங்கே போகிறாள், அவள் உடம்பு என்ன பாடு படுகிறது என்று கேட்டால் ஏழு பெயர்களும் மௌனம் சாதிக்கின்றன.

புலவரை மட்டும் சொல்வானேன்? நம் வீடுகளிலும் அதே கதைதான். "அவளுக்கு நின்னு போச்சு" என்று பெண்கள் தணிந்த குரலில் பேசிக் கொள்வார்கள். எது நின்றது என்பது அந்த வாக்கியத்தில் இராது. நிற்பதற்கு முந்தைய நாலைந்து வருஷங்களுக்கோ அந்த அரை வாக்கியம்கூடக் கிடையாது. மாதவிலக்கு ஒரு மாதத்தில் இரண்டு தரம் வரும். பிறகு மூன்று மாதம் எட்டிப் பாராது. வந்தால் பத்து நாள் கொட்டித் தீர்க்கும். மார்பிலிருந்து குப்பென்று சூடு கிளம்பி முகத்தில் ஏறி, மறு நிமிஷம் ரவிக்கை நனைந்து போகும். நடு நிசியில் விழிப்பு வந்தால் வந்ததுதான். காரணமில்லாமல் கோபம் வரும். கோபம் தணிந்ததும் அழுகை வரும். இவ்வளவுக்கும் சேர்த்து நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சொல்: "வயசாச்சு."

பெயரில்லாத நோவுக்கு எந்த மருந்தையும் விற்கலாம். அந்த இடத்திலேதான் புட்டி வந்து உட்கார்ந்தது. முதலில் மூலிகைப் புட்டி, பிறகு ஜீவசத்துப் புட்டி. நானும் அந்த வயதில் இருப்பவள். ஆகவே இந்தப் புட்டியின் சரித்திரத்தைக் கொஞ்சம் அக்கறையோடுதான் தேடிப் படித்தேன். படித்தபோது ஒன்று புலப்பட்டது. ஜீவசத்துக்களின் கதையில் பாதி நம் ஊர்களிலேயே, நம் அரிசியையும் நம் பெண்களையும் வைத்தே நடந்திருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நாம் மறந்து விட்டோம்.

மேலை நாட்டில் இந்தப் பருவத்துக்குப் பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சு வைத்தியர். கார்தான் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாதவிலக்கு நிற்பதைப் பற்றி நூல் எழுதி, 'மெனோபாஸ்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். பெயர் வந்ததும் வியாபாரமும் வந்தது. அமெரிக்காவில் லிடியா பிங்க்கம் என்ற அம்மாள் 1875ல் தம் வீட்டு அடுப்பில் வேர்களைக் காய்ச்சி வடித்த கஷாயத்தை விற்கத் தொடங்கினார். மாதவிலக்குக் கோளாறிலிருந்து அது நிற்கும் காலத்து உபாதை வரை எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. புட்டியின் மேல் அம்மாளின் சாந்தமான முகம் அச்சாகியிருக்கும். கெடாமல் இருக்க என்று சொல்லி அதில் தாராளமாகச் சாராயம் கலந்திருந்தது. மதுவிலக்குச் சங்கத்துப் பெண்மணிகள்கூட மனச்சாட்சி உறுத்தாமல் ஒரு கரண்டி குடிக்க முடிந்ததென்றால் ரகசியம் புரிகிறதல்லவா?

நமக்கும் புட்டிகளுக்குக் குறைவில்லை. வைத்திய நூல்களில் இருந்த அசோகாரிஷ்டம் கடைக்கு வந்தது. பழைய பத்திரிகைகளைப் புரட்டினால், சென்னைக் கேசரி குடீரத்தாரின் 'லோத்ரா' விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. டாக்டர் கே. என். கேசரி அந்தப் புட்டியைக் கொண்டு பெயரும் பொருளும் சம்பாதித்தார். 1928ல் 'கிருஹலக்ஷ்மி' என்று பெண்களுக்காகத் தெலுங்கில் ஒரு மாதப் பத்திரிகையும் தொடங்கினார். லோத்திரம் என்பது ஒரு மரத்தின் பட்டை. துவர்ப்பு மிகுந்தது, உதிரப் போக்கை அடக்கும் என்று ஆயுர்வேதம் சொல்லும். இந்தப் புட்டிகளை நான் கேலி செய்யவில்லை. வேறு யாருமே பேசாத ஒரு விஷயத்தை அந்த விளம்பரங்களாவது பேசின. "உங்களுக்கு அசதியா? இடுப்பு வலியா?" என்று ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்டது, பல வீடுகளில், அச்சடித்த அந்தக் காகிதம் ஒன்றுதான்.

இதன் பிறகு வந்தவைதான் ஜீவசத்துக்கள். அவற்றின் பிறப்பு பெண்களின் நோயில் ஆரம்பிக்கவில்லை, அரிசியில் ஆரம்பித்தது.

ஜாவாத் தீவில் 1890களில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதர்களை வாட்டிய பெரிபெரி நோயின் சாயல் அதில் இருந்தது. சிறிது காலத்துக்குப் பின் மலேயாவில் இருந்த பிராடன் என்ற ஆங்கிலேய டாக்டர் இன்னொன்றைக் கவனித்தார். சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை அந்த நோய் அதிகம் தொடவில்லை. வித்தியாசம் என்னவென்றால், சீனர் உண்டது சயாம் நாட்டுப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நெல் அவித்து முற்றத்தில் உலர்த்திய நம் பாட்டிமாருக்கு அது ஏன் என்று தெரியாது. ஆனால் அவர்கள் கைப்பழக்கம் கடல் கடந்து போய் ஆயிரக் கணக்கான உயிர்களைக் காத்தது.

இப்படி உணவில் துளியளவே இருந்து உயிரைக் காக்கும் பொருள்களுக்கு 1912ல் காசிமிர் ஃபங்க் என்ற போலந்துக்காரர் 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். தமிழ்ப் பத்திரிகைகள் அதை 'ஜீவசத்து' என்று எழுதின. நல்ல மொழிபெயர்ப்பு, ஆனால் அந்தப் பெயராலேயே ஒரு மயக்கமும் உண்டாயிற்று. ஜீவசத்து என்றால் ஜீவனைக் கூட்டும் சத்து, எவ்வளவு சாப்பிட்டாலும் அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வந்து விட்டது. ஃபங்க் சொன்னது அதுவல்ல. இல்லாவிட்டால் நோய் வரும் என்றார். அதிகமாக இருந்தால் இளமை வரும் என்று அவர் சொல்லவில்லை.

இனி நம் நீலகிரிக்கு வருவோம். குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918ல் ஓர் அறையில் மக்காரிஸன் என்ற ராணுவ டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிலையமாக நிற்கிறது. மக்காரிஸன் செய்த ஒரு சோதனை மிகவும் பிரசித்தம். எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒரு கூட்டத்துக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளியர் சாப்பாடு, ஒன்றுக்கு மதராஸிச் சாப்பாடு என்று போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்று தின்ற சீக்கிய எலி முதலாவதாக வந்தது. சோறும் கொஞ்சம் பருப்பும், பேருக்குக் காயும், பாலில்லாக் குறையுமாக இருந்த நம் மதராஸி எலி கடைசியில் நின்றது. மானம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். அந்தச் சோதனை நம் சமையலைப் பழித்ததல்ல. ஏழை வீட்டுத் தட்டில் எது இல்லை என்று காட்டியது.

ஆனால் எலிக் கூண்டில் பந்தி கிடையாது. நம் வீட்டில் உண்டு.

திருவண்ணாமலையை எடுத்துக் கொள்ளுங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர். சுற்று வட்டாரத்தில் உணவுக்குப் பஞ்சமில்லை. ஆரணி அரிசி பேர் போனது. மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலை வண்டி வண்டியாக விளைகிறது. ஜவ்வாது மலையில் சாமை விளையும். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்த்தால் முருங்கைக் கீரையும் கூடவே வரும். இவ்வளவும் இருக்கும் ஊரில், வீட்டுக்குள் நடக்கிற பந்தியைப் பாருங்கள். முதலில் ஆண்கள், அடுத்துக் குழந்தைகள், அதற்கப்புறம் விருந்தாளி யாராவது இருந்தால் அவர்கள். எல்லோரும் எழுந்த பிறகு, அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி, குழம்பில் மிஞ்சிய வண்டலை விட்டுப் பிசைந்து, அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் வீட்டுக்காரி. காயும் கீரையும் முதல் பந்தியோடு போயிருக்கும். இதில் சஷ்டி, பிரதோஷம், பௌர்ணமி, கிருத்திகை என்று விரத நாட்கள் வேறு. எங்கள் பெரியம்மா அறுபது வயது வரை கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தாள். "எனக்கு என்ன, ஒரு வாய் மோர் இருந்தால் போதும்" என்பாள். போதவில்லை என்று அவள் முகத்து வெளிறலே சொல்லும்.

இந்தக் கடைசிப் பந்திக்காரியை முதன்முதலில் விஞ்ஞானக் கண்ணோடு பார்த்தவர் ஒரு பெண்மணி. லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928ல் பம்பாய்க்கு வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. நம் புலவர் கணக்கில் பேரிளம்பெண். பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தம் சுண்டி மடிவது ஏன் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் ஏதோ கிருமியைத் தேடி நிற்காமல், அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். பழம், கீரை, காய், பால் எதுவும் அவர்கள் தட்டை எட்டவில்லை. 1929ல் குன்னூருக்கு வந்து பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். எலிகளையும் பின்னர் குரங்குகளையும் அதே ஏழைச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். நோய்ப்பட்ட குரங்குக்கு 'மார்மைட்' என்ற கறுப்புக் களிம்பைக் கொடுத்தபோது அது பிழைத்தது. பீர் காய்ச்சிய பின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கிற மலிவான சரக்கு அது. ரொட்டியில் தடவித் தின்பார்கள்.

1931 தொடக்கத்தில் அவர் சென்னையில் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்றும் ஜனங்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்கிறார்களே, இப்போது கஸ்தூர்பா காந்தி பெயர் தாங்கி நிற்கிறதே, அதே இடம். ஆண் டாக்டரிடம் காட்டிக் கொள்ளாமல் செத்துக் கொண்டிருந்த பெண்களுக்காக 1885ல் டாக்டர் மேரி ஷார்லீப் தொடங்கியது அந்த ஆஸ்பத்திரி. அந்த அம்மையாரும் பிற்காலத்தில் இங்கிலாந்தில் இருந்தபோது, பெண்ணின் ஏழு பருவங்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தி. லூஸி வில்ஸின் ஆராய்ச்சி முடிவு 1931ல் வெளிவந்தது: ஈஸ்ட் சாரத்தில் இன்னதென்று தெரியாத ஒரு சத்து இருக்கிறது, அது சுண்டிய ரத்தத்தை மீட்கிறது. அந்தச் சத்தை உலகம் பல காலம் 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தது.

பத்து வருஷம் கழித்து, 1941ல், அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் நாலு டன் பசலைக் கீரையை அரைத்து வடித்து, அந்த இனத்துச் சத்தைத் துளியளவு பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் உள்ள பெயரை வைத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். ஆகவே ஃபோலிக் அமிலம் என்பது தமிழில் கீரைச்சத்து, அவ்வளவுதான்! அதை 1945ல் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? பழைய சென்னை ராஜதானியில் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் படித்த எல்லாப்ரகட சுப்பா ராவ். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தவர். தாமும் அதே நோயில் விழுந்து ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லக்ஷ்மிபதியின் கையால் பிழைத்தவர். 1922ல் கப்பலேறிப் போனவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1948ல் அங்கேயே காலமானார். அவர் குழுவினர் தயாரித்த மருந்து அந்த ஸ்ப்ரூவுக்கும் மருந்தாயிற்று.

இதெல்லாம் கர்ப்பிணிகளின் கதைதானே, நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்த நாளில் பெண்கள் நாற்பதை ஒட்டிக்கூடப் பிள்ளை பெற்றார்கள். ஆறு ஏழு பிரசவத்தில் இழந்ததை ஈடு கட்டாமலே மாதவிலக்கு நிற்கும் காலத்துக்குள் நுழைந்தார்கள். இன்று பிரசவம் இரண்டோடு நின்றாலும் கடைசிப் பந்தி நிற்கவில்லை. அந்தப் பருவத்திலோ உதிரப் போக்கு அதிகம். போகிற ரத்தத்தோடு இரும்புச் சத்தும் போகிறது. இரும்பு ஜீவசத்தல்ல, தாது. ஆனால் இரண்டும் ஒரே தட்டில் வர வேண்டியவை. அசதி, படபடப்பு, தலைசுற்றல், மூச்சிரைப்பு, எரிச்சல் என்று ரத்த சோகையின் குறிகளை ஒரு பக்கமும், 'வயசாச்சு' என்பதன் குறிகளை மறு பக்கமும் எழுதிப் பாருங்கள். பாதிக்குப் பாதி ஒன்றாகவே இருக்கும். நம் நாட்டில் வயதின் மேல் போட்ட பழியில் ஒரு பெரும் பங்கு சோற்றுத் தட்டைச் சேர வேண்டியது. அந்தப் பங்கைச் சத்து மாத்திரை தீர்க்கும். கீரையும் கடலையும் பாலும் முட்டையும், உரிய நேரத்தில் கிடைத்தால், வராமலே தடுக்கும்.

அப்படியானால் அந்தக் குப்பென்ற சூடு? இரவு வேர்வை? அவையும் சத்துக் குறைவுதானா?

இங்கேதான் புட்டியின் கதை தடம் மாறுகிறது. 1922ல் அமெரிக்காவில் ஈவான்ஸும் காதரைன் பிஷப் என்ற பெண்மணியும், ஒருவிதச் சாப்பாட்டில் வளர்த்த எலிகளுக்குக் கரு தங்காமல் போவதையும், கீரையோ கோதுமை முளையோ கொடுத்தால் தங்குவதையும் கண்டார்கள். அது வைட்டமின் ஈ. பின்னால் அதற்கு 'டோகோஃபெரால்' என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார்கள். மகப்பேறு தருவது என்று அர்த்தம். பெயர்ப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்வதுபோல், பெண்ணின் உபாதை எதுவானாலும் இதைக் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. கனடாவில் ஷூட் என்ற டாக்டரும் அவர் சகோதரரும் இதன் பெருமையை ஊரெங்கும் பரப்பினார்கள். 1940களில் மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூட்டுக்கு வைட்டமின் ஈ மாத்திரை சகஜமாயிற்று. சாப்பிட்டவர்களில் பலர் குணம் கண்டோம் என்றும் சொன்னார்கள்.

பொய் சொன்னார்களா? இல்லை. அந்தச் சூடு தானாகவே கூடும், தானாகவே தணியும். தணிகிற நேரத்தில் கையில் இருக்கும் மாத்திரைக்குப் பெயர் கிடைத்து விடும். இதைப் பிரித்தறிய, 1953ல் நியூயார்க்கில் குப்பர்மன் முதலிய டாக்டர்கள், பெண்கள் சொல்லும் பதினோரு உபாதைகளுக்கு மதிப்பெண் போட்டு, வைட்டமின் ஈயையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. 1998ல் மார்பகப் புற்று நோயிலிருந்து மீண்ட 120 பெண்களிடம் மறுபடி சோதித்தபோது, நாளொன்றுக்கு ஒரு சூடு குறைந்தது, அவ்வளவே. காரணம் தெளிவு. அந்தச் சூடு சத்துக் குறைவால் வருவதல்ல. சூல்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் ஏறியும் இறங்கியும் தள்ளாடுவதால் வருவது. ரொட்டி இல்லாத வீட்டுக்கு ரொட்டி கொடுக்கலாம். பருவ மாற்றத்துக்கு ரொட்டி மருந்தாகாது.

ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகக் கொடுக்கும் வழியும் வந்தது. சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுத்த 'ப்ரெமரின்' 1942ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. என்றென்றும் இளமை என்று அதை விற்ற காலமும் உண்டு. 2002ல் ஒரு பெரிய சோதனை, ஈஸ்ட்ரோஜனோடு வேறொரு ஹார்மோனையும் சேர்த்துச் சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்று நோயும் பக்கவாதமும் சற்றுக் கூடுவதைக் காட்டியதும் உலகமே பின்வாங்கியது. இப்போது டாக்டர்கள் ஆளைப் பார்த்து, அளவு பார்த்து, கடுமையான உபாதைக்கு மட்டும் தருகிறார்கள். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டிய காரியம். கடைக்காரர் முடிவு செய்வதல்ல.

ஜீவசத்தென்றால் தீங்கில்லை என்ற எண்ணத்துக்கும் பதில் கிடைத்திருக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களின் சிடுசிடுப்புக்கு பி 6 நல்லதென்று மேல் நாட்டுப் பெண்கள் ஏராளமாக விழுங்கினார்கள். சிறு அளவில் கொஞ்சம் பலன் இருக்கலாமென்றே ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் 1983ல் வந்த ஓர் அறிக்கை, மட்டு மீறிச் சாப்பிட்ட ஏழு பேருக்குக் கை கால் மரத்து, தரையில் கால் பதிவதே தெரியாமல் தள்ளாடியதை எடுத்துக் காட்டியது. எலும்புக்கென்று சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் அமெரிக்காவில் 36,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2006ல் வந்தது. இடுப்பெலும்பு முறிவு குறிப்பிடும்படியாகக் குறையவில்லை; சிறுநீரகக் கல் சற்றுக் கூடிற்று. குறைவு இருப்பவருக்கு அது வேண்டும் என்பதில் ஐயமில்லை. வெயில் கொளுத்தும் நம் நாட்டிலேயே, வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கிறது. ஆனால் இல்லாத குறைக்கு மருந்து வேண்டாம்.

சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கோயிலூரில் அப்படிப்பட்ட வீடுகள் அதிகம். 1948ல் பிரித்தெடுத்த பி 12 என்ற சத்து காய்கறி எதிலும் கிடையாது; பால், தயிர், முட்டை, மாமிசத்தில்தான் உண்டு. பி 12 குறைந்தவருக்கு வெறும் ஃபோலிக் அமிலத்தை நிறையக் கொடுத்தால் ரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்பு மட்டும் உள்ளுக்குள் பழுதாகிக் கொண்டே போகும். ஆகவே மோரும் இல்லாமல் விரதம் இருந்து, கடையில் வாங்கிய மாத்திரையால் தெம்பு வந்ததாக நினைத்துக் கொண்டிருக்கும் பெண்மணி ஒரு தரம் ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சென்ற ஆண்டு திருவண்ணாமலையில் தேரோடும் வீதி ஒன்றில் ஒரு மருந்துக் கடையில் நின்று கொண்டிருந்தேன். பூக் கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணே, ஒரே அசதியா இருக்குது. படி ஏறினா நெஞ்சு படபடங்குது. சத்து மாத்திரை ஏதாச்சும் குடுங்க."

கடைக்காரர் பளபளக்கும் அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். விலை அவள் இரண்டு நாள் பூ விற்ற லாபத்துக்குக் குறையாது. நான் வாயை வைத்துக் கொண்டு சும்மா இருக்கவில்லை.

"காலையிலே என்னம்மா சாப்பிட்டே?"

"டீ குடிச்சேன்க்கா. பூவெல்லாம் வித்து முடிச்சு, வீட்ல எல்லாருக்கும் போட்டுட்டு, அப்புறம்தான்."

"தீட்டு சரியா வருதா?"

அவள் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்து, என் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "நாலு மாசமா நிக்கவே மாட்டேங்குதுக்கா. வயசு அப்படித்தானே?"

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னேன். அங்கே ரத்தம் பார்ப்பார்கள். இரும்பு மாத்திரை இலவசம். அதைவிட முக்கியம், நாலு மாதம் நிற்காத உதிரப் போக்கை வயது என்று தள்ளி விடக் கூடாது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம். அரிதாகப் புற்று நோயாகவும் இருக்கலாம். முற்றிலும் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் ஓட வேண்டும். அந்த வேலையைப் பளபளக்கும் அட்டை செய்யாது. தெம்பு வந்ததாக ஒரு மயக்கத்தைக் கொடுத்து, ஓட வேண்டிய காலை உட்கார வைத்து விடும். அவள் மாத்திரையையும் வாங்கிக் கொண்டு, "போறேன்க்கா" என்று சொல்லிப் போனாள். போனாளா என்று எனக்குத் தெரியாது.

இதே ஊரில்தான் கார்த்திகை தீபத்தன்று, மலை மேல் சுடர் தெரிவதற்குச் சற்று முன்னால், அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்கள் வெளியே வந்து காட்சி தந்து விட்டு உள்ளே போகிறார். தவம் இருந்த அம்மைக்கு அண்ணாமலையார் தம் உடம்பில் பாதியைக் கொடுத்த ஊர் என்று புராணம் சொல்கிறது. உடம்பில் பாதி கொடுத்த ஊரில், சோற்றில் பாதி கொடுக்கிறோமா என்று நான் கேட்பதில் தவறில்லையே!

அரசாங்கத்தின் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒன்று 2019லிருந்து 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 100 பெண்களுக்கு 53 பேர் ரத்த சோகை உள்ளவர்கள் என்று அது சொல்கிறது. இந்தியா முழுவதற்கும் 57. ஆனால் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்கள். நம் நாட்டில் மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அந்த வருஷங்களின் உதிரப் போக்கையும் உபாதையையும் பட்டு முடித்து, மிச்ச ரத்தத்தோடு அவள் ஐம்பதில் நிற்கும்போது எண்ணுகிறவர் எழுந்து போய் விடுகிறார். பழைய புலவர் நாற்பதில் நிறுத்தினார். புதிய புள்ளி விவரக்காரர் ஒன்பது வருஷம் சேர்த்துப் போட்டிருக்கிறார். அந்த அளவுக்கு முன்னேற்றம்தான்.

லூஸி வில்ஸ் பம்பாய்ப் பெண்களிடம் முதலில் கேட்டது "என்ன மருந்து சாப்பிடுகிறாய்?" என்பதல்ல, "என்ன சாப்பிடுகிறாய்?" என்பது. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப் போகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, அடுப்படிப் பக்கம் திரும்பி, "நீயும் தட்டை எடுத்துக் கொண்டு வா, கீரை தீர்ந்து விடும்" என்று யாராவது ஒருவர் கூப்பிட்டால் போதும்.